மோட் ஏபிகே: கையெழுத்து மாறிய விளையாட்டு

மோட் ஏபிகே என்பது ஒரு நிறுவனம் வெளியிட்ட விளையாட்டுச் செயலியை வேறு யாரோ பிரித்து, உள்ளே சில இடங்களைத் திருத்தி, மறுபடி மூட்டை கட்டி இணையத்தில் விட்ட கோப்பு. பின்லாந்தின் ஃபிங்கர்சாஃப்ட் 2012-இல் வெளியிட்ட ஹில் கிளைம்ப் ரேசிங்கை எடுத்துக்கொள்ளலாம். மேடு பள்ளத்தில் ஜீப்பை ஓட்டிக் காயின் சேர்க்க வேண்டும். சேர்த்த காயினைக் கொடுத்து இன்ஜினையும் டயரையும் மேம்படுத்தி, அடுத்த வண்டியை வாங்க வேண்டும். மோட் பதிப்பில் முதல் நொடியிலேயே காயின் கொட்டிக் கிடக்கும், எல்லா வண்டியும் திறந்திருக்கும், விளம்பரமும் வராது. இந்த மூன்றும்தான் மோட் உலகின் நிரந்தரச் சரக்கு: தீராத பணம், பூட்டு திறந்த பொருள்கள், விளம்பரமில்லாத திரை.

ஆண்ட்ராய்டு செயலி வரும் ஏபிகே கோப்பைப் பிரிப்பது பெரிய மந்திர வேலை அல்ல. அடிப்படையில் அது ஒரு ஜிப் கோப்பு. உள்ளே படங்களும் ஒலிகளும் இருக்கும். செயலி என்னென்ன அனுமதி கேட்கும் என்று எழுதிவைத்த மேனிஃபெஸ்ட் கோப்பும், டெக்ஸ் வடிவில் நிரலும் இருக்கும். ஏபிகேடூல் என்ற இலவசக் கருவி அந்த நிரலை ஸ்மாலி என்ற, கண்ணால் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தரும். பழைய முறையில் யூனிட்டி இன்ஜினில் செய்த விளையாட்டானால் ஆட்ட விதிகளில் பெரும்பகுதி ஒரே டிஎல்எல் கோப்பில் அடங்கியிருக்கும். பொருள் வாங்கும்போது காயினைக் குறைக்கும் வரியைத் தேடிப் பிடித்து, அங்குள்ள கழித்தலைக் கூட்டலாக்கினால் வேலை முடிந்தது. 'செலவு செய்தால் காயின் ஏறும்' என்று சில மோட் தளங்களில் எழுதியிருப்பதன் பொருள் இதுவே. இந்தக் கருவிகளில் தவறில்லை. பாதுகாப்பு ஆய்வாளர்கள் வைரஸ்களைப் பிரித்துப் பார்ப்பதும் இவற்றை வைத்துத்தான்.

திருத்தி முடித்ததும் மோட் செய்பவருக்கு ஒரு முட்டுக்கட்டை வருகிறது. ஆண்ட்ராய்டில் ஏறும் ஒவ்வொரு செயலியிலும் டிஜிட்டல் கையெழுத்து இருந்தாக வேண்டும், இல்லையென்றால் போன் அதை நிறுவாது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் பழைய கையெழுத்து செல்லாது. மூல நிறுவனத்தின் ரகசியச் சாவி மோட் செய்பவரிடம் கிடையாது. ஆகவே அவர் சொந்தமாக ஒரு சாவியை உருவாக்கிக் கையெழுத்திடுகிறார். அதையும் ஆண்ட்ராய்டு ஏற்றுக்கொள்ளும். ஏனென்றால் அந்தக் கையெழுத்து 'இவர் இன்னார்' என்று சான்று சொல்வதில்லை. 'முன்பு வந்த பதிப்பைத் தந்தவரே இதையும் தந்தார்' என்பதை மட்டும்தான் உறுதிசெய்கிறது.

மோட் தளங்களில் 'முதலில் ஒரிஜினலை அன்இன்ஸ்டால் செய்யவும்' என்று எழுதியிருப்பது இதனால்தான். ஒரிஜினலின் மேல் மோட்டை அப்டேட்டாக ஏற்றப் பார்த்தால் போன் இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்று மறுத்துவிடும். அன்இன்ஸ்டால் செய்ததும் ஒப்பிட எதுவும் இல்லாமல் போகிறது, புதியவரின் கையெழுத்து உள்ளே வந்துவிடுகிறது. போன் தன் கடமையைச் செய்து போட்ட தடையைப் பயனரே கையால் விலக்கிவிடுகிறார். மோட் செயலியின் பெரிய ஆபத்துகள் எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. காயினைக் கூட்டிய அதே கை வேறு எதைக் கூட்டியிருக்கிறது என்பதற்கு அதன் பிறகு எந்தச் சாட்சியும் இல்லை.

மோட் செய்து எதை மாற்ற முடியும், எதை முடியாது என்பது மாற்ற நினைக்கும் எண் எங்கே குடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஹில் கிளைம்ப் ரேசிங், டெம்பிள் ரன் போல இணையமே இல்லாமல் ஆடக்கூடிய ஆட்டங்களில் காயின் கணக்கு போனுக்குள்ளேயே இருக்கிறது. போன் பயனரின் கையில் இருப்பதால் கணக்கும் அவர் கையில். கேண்டி கிரஷ்ஷில் 5 உயிர்தான். போன ஓர் உயிர் திரும்ப 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். போனின் கடிகாரத்தைச் சில மணி நேரம் முன்னே தள்ளிவைத்து உயிர்களை மீட்ட தந்திரம் பலருக்கு நினைவிருக்கலாம். காத்திருப்பு நேரத்தை போனே எண்ணிக்கொண்டிருந்ததால் அது பலித்தது.

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ், ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ போன்றவற்றின் சங்கதி வேறு. அவற்றில் ஜெம், டைமண்ட், யூசி கணக்கெல்லாம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. போன் திரையில் தெரியும் எண் அதன் நகல் மட்டுமே. அந்த எண்ணைத் திருத்துவது வங்கிப் பாஸ்புக்கில் பேனாவால் இரண்டு சைபர் சேர்ப்பதற்குச் சமம். புத்தகத்தில் லட்சம் தெரியும், கவுன்டரில் கொடுக்க மாட்டார்கள். கிளாஷ் ஆஃப் கிளான்ஸுக்கு 'அன்லிமிடெட் ஜெம்' தருவதாக உலவும் மோட்கள் உண்மையில் ஆட்டக்காரரை வேறு யாரோ நடத்தும் தனி சர்வருக்குக் கொண்டுபோகின்றன. அங்கே ஜெம் கிடைக்கும். பழைய ஊர் இருக்காது, பழைய கிளானும் இருக்காது.

இதைவிட மோசமானவை 'டைமண்ட் ஜெனரேட்டர்' என்ற பெயரில் வரும் தளங்கள். விளையாட்டு ஐடியைக் கேட்கும், எண்கள் ஓடுவதுபோல் காட்டும், கடைசியில் 'மனிதர்தான் என்று நிரூபிக்க' இரண்டு செயலிகளை நிறுவவோ ஒரு படிவத்தை நிரப்பவோ சொல்லும். அந்த நிறுவலுக்கும் படிவத்துக்கும் தளக்காரருக்குத் தரகு கிடைக்கிறது, ஆடுபவருக்கு ஒரு டைமண்டும் வருவதில்லை. சர்வரில் இருக்கும் கணக்கை வெளியிலிருந்து ஒரு பொத்தானை அழுத்திக் கூட்டும் வழி எதுவும் இந்தத் தளங்களிடம் கிடையாது.

ஆன்லைன் ஆட்டத்தில் உண்மையிலேயே வேலை செய்யும் மோட்கள் வேறு வகை. சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் வால் ஹேக், தானாகக் குறிபார்க்கும் ஏம்பாட் ஆகியவை அவை. எதிராளி எந்த நொடியிலும் சுவரைத் தாண்டி வெளியே வரலாம் என்பதால் அவர் நிற்கும் இடத்தை சர்வர் முன்கூட்டியே போனுக்கு அனுப்பிவைக்கிறது. ஒரிஜினல் செயலி அதைத் திரையில் மறைக்கிறது, மோட் காட்டிவிடுகிறது. தனியாக ஜீப் ஓட்டுபவர் காயினைக் கூட்டிக்கொண்டால் எதிரே ஏமாறும் ஆட்டக்காரர் யாரும் இல்லை. இங்கே ஏமாறுபவர்கள் உயிருள்ள எதிராளிகள். ஒரு பிஜிஎம்ஐ ஆட்டத்தில் 100 பேர் வரை இறங்குகிறார்கள். அதில் ஒருவர் வால் ஹேக் வைத்திருந்தால் மற்றவர்கள் எல்லாருடைய அரை மணி நேரமும் வீண். இரண்டையும் 'மோட்' என்ற ஒரே சொல்லால் அழைத்தாலும் ஒன்றின் குற்றத்தை மற்றதன்மேல் ஏற்றக் கூடாது.

இவ்வளவு பேர் மோட்டைத் தேடுவதற்குப் பேராசை மட்டும் காரணமல்ல. இலவச விளையாட்டுகளின் வடிவமைப்புக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. முதல் பத்து லெவல் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு கட்டடம் எழும்ப இரண்டு நாள் காத்திருக்க வேண்டும், உயிர் வர அரை மணி நேரம், பெட்டி திறக்க ஒரு விளம்பரம். காத்திருக்க முடியாதவர் பணம் கட்ட வேண்டும். சலிப்பை வேண்டுமென்றே உண்டாக்கி, அதிலிருந்து விடுதலையை விற்கும் வியாபாரம் இது. தனக்கென்று ஒரு வங்கிக் கணக்கு இல்லாத பதிமூன்று வயதுப் பையனுக்கு அந்த விடுதலையை வாங்க நேர்வழியே இல்லை. நண்பன் அனுப்பிய ஏபிகே அவனுக்குத் திறந்த கதவாகத் தெரிவதில் வியப்பில்லை. இந்த வடிவமைப்பின் மேல் ஆட்டக்காரர்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது.

ஆனால் அந்த வடிவமைப்பு எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். செக் நாட்டின் மேட்ஃபிங்கர் கேம்ஸ் 2012-இல் டெட் டிரிகர் என்ற விளையாட்டை ஒரு டாலருக்கும் குறைவான விலையில் விற்றது. சில வாரங்களில் ஆண்ட்ராய்டில் விலையை எடுத்துவிட்டு இலவசமாக்கியது. திருட்டுப் பதிப்பு நம்ப முடியாத அளவுக்குப் பரவியதே காரணம் என்று நிறுவனம் சொன்னது. லண்டனின் அஸ்டூ 2014-இல் வெளியிட்ட மான்யுமெண்ட் வேலி விருதுகள் வாங்கிய, அழகான விளையாட்டு. ஒரு முறை காசு கொடுத்தால் போதும், விளம்பரமோ காத்திருப்போ கிடையாது. ஆண்ட்ராய்டில் அது நிறுவப்பட்டதில் வெறும் 5 சதவீதம்தான் காசு கொடுத்தவை, ஐபோனில் 40 சதவீதம் என்று 2015 ஜனவரியில் அந்நிறுவனம் வெளியிட்டது. ஒருவரே இரண்டு மூன்று கருவிகளில் நிறுவியதும் அந்தக் கணக்கில் சேரும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. இருந்தாலும் நேர்மையாக விலை வைத்து விற்பதில் ஆண்ட்ராய்டில் பயனில்லை என்ற பாடத்தை இத்தகைய அனுபவங்கள் பலருக்குக் கற்றுத்தந்தன. விலையை எடுத்தவர்கள் காத்திருப்பையும் விளம்பரத்தையும் வைத்தார்கள். அவற்றை உடைக்க மோட் வந்தது. மோட்டைத் தடுக்க கணக்கை சர்வருக்கு மாற்றினார்கள். தனியே ஆடும் விளையாட்டுகூட இன்று இணையம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் மோட்டுக்கு இன்னொரு வாசலும் திறந்தது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தபோது பப்ஜி மொபைலும் அதில் இருந்தது. 2022 பிப்ரவரியில் தடையான 54 செயலிகளில் ஃப்ரீ ஃபயர் சேர்ந்தது. பப்ஜிக்குப் பதிலாக 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐயும் ஓராண்டில் ஸ்டோர்களிலிருந்து நீங்கி, 2023 மே மாதத்தில்தான் திரும்பியது. இடைப்பட்ட காலங்களில் பலர் கொரியப் பதிப்பு, குளோபல் பதிப்பு என்று ஏபிகே கோப்புகளைத் தேடி இறக்கினார்கள். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி ஏற்றுவது எப்படி என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அத்துபடியானது. ஒரிஜினலையும் ஏபிகேயாக இறக்கிப் பழகிய கைக்கு மோட்டை இறக்குவதில் தயக்கம் வருவதில்லை.

மோட் என்ற சொல்லுக்குக் கௌரவமான வரலாறும் இருப்பதைச் சொல்லாமல் விட முடியாது. கவுண்டர் ஸ்டிரைக் 1999-இல் ஹாஃப்-லைஃப் என்ற விளையாட்டின் மோடாகத்தான் பிறந்தது. டோட்டா வார்கிராஃப்ட் 3-இன் வரைபடமாகத் தொடங்கியது. அங்கே மூல நிறுவனங்களே கருவிகளைக் கொடுத்து, மாற்றிப் பாருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டிருந்தன. மாற்றியவர்கள் தங்கள் பெயரைப் போட்டார்கள். மோட் ஏபிகேக்கு அனுமதியும் இல்லை, பெரும்பாலும் பெயரும் இல்லை.

பெயரில்லாதவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு போகிமான் கோ நல்ல சான்று. 2016 ஜூலை தொடக்கத்தில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்காவில் மட்டும் அது வெளியானது. மற்ற நாட்டினர் பொறுக்க முடியாமல் ஏபிகே தேடினார்கள். வெளியாகி 72 மணி நேரத்துக்குள், ஜூலை 7 அன்றே, டிராய்டுஜாக் என்ற உளவு நிரல் பொதிந்த போகிமான் கோ ஏபிகே ஒரு கோப்புக் களஞ்சியத்தில் ஏறியிருந்ததை ப்ரூஃப்பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. தொடக்கத் திரை ஒரிஜினலைப் போலவே இருந்தது. வித்தியாசம் அனுமதிப் பட்டியலில்தான். எஸ்எம்எஸ் படிக்க, அழைப்பு செய்ய, ஒலிப்பதிவு செய்ய என்று போகிமான் பிடிப்பதற்குச் சம்பந்தமே இல்லாத அனுமதிகளை அது கேட்டது.

எட்டு ஆண்டு கழித்து நுட்பம் இன்னும் தேறியிருந்தது. 2024 செப்டம்பரில் நெக்ரோ என்ற ட்ரோஜனைப் பற்றி காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வில் மைன்கிராஃப்ட், ஸ்டம்பிள் கைஸ், கார் பார்க்கிங் மல்டிபிளேயர், மெலன் சாண்ட்பாக்ஸ் ஆகிய விளையாட்டுகளின் மோட் பதிப்புகள் இடம்பெற்றன. எல்லாம் சிறுவர்கள் விரும்பி ஆடுபவை. இந்த ட்ரோஜனின் ஒரு வடிவம், நிறுவிய பிறகு சர்வரிலிருந்து ஒரு பிஎன்ஜி படத்தை இறக்கி, அந்தப் படத்துக்குள் ஒளித்துவைத்த நிரலை வெளியே எடுத்து ஓட்டியது. கண்ணுக்குத் தெரியாத ஜன்னலில் விளம்பரங்களைத் திறந்து தானே கிளிக் செய்வது, கட்டணச் சேவைகளில் பயனரைச் சேர்த்துவிடுவது, வேறு செயலிகளை நிறுவுவது, அவருடைய இணைய இணைப்பு வழியாகப் பிறர் போக்குவரத்தை அனுப்புவது ஆகியவை அதன் கைவரிசைகள். 'வைரஸ் ஸ்கேன் செய்தாகிவிட்டது' என்று மோட் தளத்தில் ஒட்டும் பச்சை முத்திரை இத்தகைய நிரலிடம் பயனற்றது. ஸ்கேன் செய்த நாளில் தீய நிரல் கோப்புக்குள் இருந்திருக்கவே தேவையில்லை.

அதே ஆய்வு பிளே ஸ்டோரில் ஒரு கோடிப் பதிவிறக்கம் கண்ட வூட்டா கேமரா செயலியிலும் நெக்ரோவைக் கண்டது. ஆகவே பிளே ஸ்டோரில் இருப்பதெல்லாம் தூய்மை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே புகார் போன பின் தீய நிரல் நீக்கப்பட்டது, பொறுப்பேற்க ஒரு நிறுவனம் இருந்தது. மோட் தளத்தில் புகாரைக் கேட்க ஆளில்லை.

இந்திய வீடுகளில் இந்த ஆபத்துக்கு எடை அதிகம். பிள்ளை விளையாடும் போனிலேயேதான் அம்மாவின் யுபிஐ இருக்கிறது, அப்பாவின் வங்கிச் செயலி இருக்கிறது, ஓடிபி வரும் சிம்மும் இருக்கிறது. எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி ஒரு விளையாட்டுக்குப் போனால் ஓடிபியும் அதோடு போகிறது. அதைவிடக் கொடியது அக்சஸிபிலிட்டி அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டவும் அவர்களுக்காகத் தொடவும் ஏற்பட்ட வசதி அது. தீய செயலியிடம் போனால் திரையில் தெரிவதைப் படித்து, பயனரின் இடத்திலிருந்து தானே பொத்தானை அழுத்தும். வெளியிலிருந்து ஏற்றிய செயலிகளுக்கு இந்த அனுமதி எளிதில் கிடைக்காதபடி 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 தடை போட்டது. செயலிகளைச் சோதிக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட்டை அணைக்கவோ இந்தத் தடையை நீக்கவோ ஒரு விளையாட்டுச் செயலி சொன்னால், அங்கேயே நிறுத்திக்கொள்வது உத்தமம்.

தீய நிரல் எதுவும் இல்லாத மோட்டிலும் இழப்பு உண்டு. ஒரிஜினலை அன்இன்ஸ்டால் செய்ததும் போனுக்குள் மட்டும் சேமித்த மாதக்கணக்கான முன்னேற்றம் அழியலாம். மோட்டுக்கு பிளே ஸ்டோர் வழி அப்டேட் வராது. ஒவ்வொரு பதிப்புக்கும் அதே தளத்துக்குப் போய், ஒவ்வொரு முறையும் அதே சூதாட்டத்தை ஆட வேண்டும். மோட்டுக்குள் கூகுள், ஃபேஸ்புக் கணக்கால் லாகின் செய்யும்போது பாஸ்வேர்டு கேட்கும் திரை உண்மையானதா, மோட் செய்தவர் வரைந்ததா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. ஆன்லைன் ஆட்டங்களில் பிடிபட்டால் ஐடி பேன். பப்ஜி மொபைலில் ஏமாற்று நிரல் வைத்திருந்தவர்களுக்கு 10 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டிருக்கிறது. சொந்தக் காசில் வாங்கிய ஸ்கின்களும் அந்த ஐடியோடு போய்விடும்.

ஆட்டமே செத்துப்போவதும் ஓர் இழப்புதான். ஹில் கிளைம்ப் ரேசிங்கில் எரிபொருள் தீரும் முன் அடுத்த கேனை எட்டிப் பிடிக்கும் பதைப்புதான் சுவை. எல்லா வண்டியும் கையில் இருக்கும்போது எதற்காக மேடு ஏற வேண்டும் என்ற கேள்விக்கு விடையில்லை. அன்லிமிடெட் காயின் கிடைத்த விளையாட்டு பெரும்பாலும் ஒரு வாரத்தில் சலித்துவிடுகிறது. அடுத்த மோட்டைத் தேடும் படலம் ஆரம்பிக்கிறது.

சட்டம் இதில் யார் பக்கம் என்பதில் குழப்பமில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் கீழ் கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பு. உரிமை மீறிய நகல் என்று தெரிந்தே நிரலைப் பயன்படுத்துவதை 63-பி பிரிவு குற்றமாக்குகிறது. லாப நோக்கமோ வியாபாரமோ இல்லாத இடத்தில் சிறை விதிக்காமல் 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதே பிரிவு இடம் தருகிறது. பாதுகாப்புப் பூட்டை உரிமை மீறலுக்காக உடைப்பவருக்கு 2012 திருத்தத்தில் வந்த 65-ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. தென்கொரியா 2016-இல் தன் விளையாட்டுத் தொழில் சட்டத்தைத் திருத்தி, ஏமாற்று நிரல் செய்து பரப்புவோருக்கு 5 ஆண்டு வரை சிறை அல்லது 5 கோடி வான் வரை அபராதம் வைத்தது. அமெரிக்காவில் போகிமான் கோவின் நயாண்டிக் நிறுவனம், வீட்டை விட்டு நகராமலே உலகம் சுற்றவைத்த போகேகோ++ மோட்டைச் செய்த குழுவின் மேல் 2019-இல் வழக்குப் போட்டது. சீனாவில் 2021-இல் குன்ஷான் நகரப் போலீஸ் டென்சென்ட்டுடன் சேர்ந்து ஏமாற்று நிரல் விற்ற கும்பலைப் பிடித்தபோது கைதானவர்கள் 10 பேர். சந்தா வசூலித்து அவர்கள் ஈட்டியது சுமார் 7.6 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. வழக்குகள் பெரும்பாலும் செய்பவர், விற்பவர் மேலேயே பாய்கின்றன. ஆடும் சிறுவன் தண்டனை பெறுவது நீதிமன்றத்தில் அல்ல, தன் போனில்.

காசு கொடுக்காமல், காத்திருக்காமல், விளம்பரம் பார்க்காமல் ஆட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அதற்கு நேரான வழி இருக்கிறது. மைன்டஸ்ட்ரி, அன்சிவ், சூப்பர்டக்ஸ்கார்ட், லுவான்டி, ஷேட்டர்டு பிக்சல் டன்ஜன் ஆகியவை திறந்த மூல விளையாட்டுகள். எஃப்-டிராய்டு என்ற களஞ்சியத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. மாற்றிப் பார்க்கும் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு இவற்றின் நிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. ஷேட்டர்டு பிக்சல் டன்ஜனே இன்னொரு திறந்த மூல விளையாட்டை ஒருவர் உரிமத்தின்படி மாற்றி வளர்த்ததுதான்.

ஏற்கெனவே மோட் ஏற்றிய போன் வீட்டில் இருந்தால் பிள்ளையைத் திட்டுவதைத் தள்ளிவைத்து, முதலில் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி அனுமதியும் சாதன நிர்வாகி அனுமதியும் எந்தெந்தச் செயலியிடம் இருக்கின்றன என்று பார்த்துத் திரும்பப் பெறுங்கள். பிறகு மோட்டை நீக்கி, பிளே புரொடெக்ட்டை இயக்கி, வேறொரு போனிலிருந்து கூகுள் பாஸ்வேர்டையும் வங்கிப் பின்னையும் மாற்றுங்கள். சந்தேகம் தீராவிட்டால் படங்களைக் காப்பெடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்வதே சரி. பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அந்த நிமிடமே அழையுங்கள். மோசடிக்காரர் பணத்தை வெளியே எடுப்பதற்குள் புகார் பதிவானால்தான் வங்கிகளால் அதை முடக்கிவைக்க முடியும்.